ஐ.எஸ்.ஐ. அக்காவும் ஒரு முத்து டாலரும்

ஆலங்காயம் கடைத்தெருவில் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். என் அக்கா மணியம்மாள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். இருவருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. அக்கா ஒரு குடம் வாங்க வேண்டுமென்றால் நான்கு குடங்களைத் தரையில் போட்டுப் பார்ப்பாள், அவ்வளவுதான். நசுங்காததை எடுத்துக்கொள்வாள். நசுங்கிய மூன்றைப் பற்றிக் கடைக்காரர் வாயைத் திறந்தால், "நசுங்கறத விக்கறது ஒன் தப்பு. அத காட்டனது என் தப்பா?" என்று கேட்பாள். அதற்குப் பிறகுதான் அவர் ஷட்டரை இறக்கப் பழகினார்.

ஊரில் அவளுக்கு ஐ.எஸ்.ஐ. அக்கா என்று பெயர். பீரோ, குக்கர், கட்டில் எது வாங்கப் போனாலும் அவளைக் கூட அழைத்துக்கொண்டு போவார்கள். மின்விசிறி என்றால் கடையிலேயே மூன்று மணி நேரம் ஓடவிட்டு அதற்குக் கீழே பாய் விரித்துத் தூங்கிப் பார்ப்பாள். குடை என்றால் குழாயடிக்குக் கொண்டு போவாள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் என்னை உட்காரச் சொல்லி, என் மடியில் இன்னொருவனை உட்காரச் சொல்வாள். இதுவரை ஒன்பது நாற்காலிகளோடு விழுந்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இதைச் சொல்கிறேன். பெயர் வெற்றிச்செல்வன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரீசார்ஜும் ஜெராக்ஸும் போடும் கடை வைத்திருக்கிறேன். அக்கா முன்னால் ஒரு வாக்குவாதத்தில்கூட நான் ஜெயித்ததில்லை.

அவள் தொழில் புளி. மாசி, பங்குனியில் புதூர்நாட்டு மலைக் கிராமங்களிலிருந்து ஓட்டோடு புளி இறங்கும். அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே எட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டி வைப்பார்கள். மணியம்மாள் புளியில் கொட்டை இருக்காது என்று வாணியம்பாடி வரைக்கும் பேச்சு. இருக்காதுதான். ஒவ்வொரு உருண்டையையும் அவளே ஒரு தடவை பிசைந்து பார்த்துவிட்டுத்தான் மூட்டை கட்டுவாள். முப்பது வருஷமாக அவள் கை கறுப்பு. அவள் என் தலையில் குட்டினால்கூடப் புளிப்பு வாசம் அடிக்கும்.

அவள் தங்கமும் புளியில்தான் இருக்கும். எங்கள் பக்கம் இது புதிதல்ல. பீரோவைத்தான் திருடன் முதலில் உடைப்பான், புளி ஜாடிக்குள் எவன் கையை விடுவான் என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் கணக்கு. அக்கா வீட்டு அடுப்படியில் இரண்டு ஜாடிகள். முன்னால் இருப்பது குழம்புக்கு. பின்னால் இருப்பதில் மூன்று வருஷத்துப் பழம்புளி, அதற்குள் அவளுடைய வளையலும் கம்மலும். விசேஷத்துக்கு எடுத்துக் கழுவினால் நேற்று வாங்கியதுபோல் மின்னும். நான் இதை வெளியே சொன்னது தெரிந்தால் ஜாடியை மாற்றிவிடுவாள், போகட்டும்.

இனி என் மாமா கிருஷ்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேசரி தின்றுகொண்டிருந்தார். அக்கா உள்ளேயிருந்து என்னிடம் சொல்லி அனுப்பினாள்: "மாப்பிள்ளய அந்தப் புளி மூட்டய தூக்கிப் பரண்ல ஏத்தச் சொல்லு." நானும் போய் அப்படியே சொல்லித் தொலைத்தேன். மாமாவின் அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. மாமா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று எட்டு வைத்தார். நான்காவது எட்டில் மூட்டையோடு கேசரியின் மேல் விழுந்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "இன்னொரு தடவ பாக்கறேன்" என்றார். அந்தத் தடவை ஐந்து எட்டு வைத்துவிட்டு விழுந்தார். மூட்டை பரணுக்குப் போகவே இல்லை. மறுநாள் காலை அக்கா எங்கள் அம்மாவிடம், "இவரையே பேசி முடிச்சுடு" என்று சொன்னாள். தேறாத ஆளை ஏன் எடுத்தாள் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. அவர் வாங்கித் தந்த எதுவும் அக்காவிடம் தங்கியதில்லை. கல்யாணமான வருஷம் வெள்ளிக் கொலுசு வாங்கி வந்தார். அவள் கொக்கியைப் பிடித்து நூறு தடவை மாட்டிக் கழற்றினாள், நூற்றியோராவது தடவை உடைந்தது. திருப்பி அனுப்பிவிட்டாள். பட்டுப்புடவை வாங்கி வந்தார். அதன் முந்தானையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள், சாயம் போனது. கைக்கடிகாரம் ஒன்று தண்ணீரில் நனைந்தாலும் ஓடும் என்று எழுதியிருந்தது. ஒரு ராத்திரி முழுக்கச் சொம்புத் தண்ணீரில் கிடந்தும் அது ஓடியது. "நான் இன்னா தண்ணிக்குள்ளயா குந்திக்கப் போறேன்?" என்று கேட்டு அதையும் திருப்பினாள். மாமா கோபப்பட மாட்டார். பில்லை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். எனக்குத்தான் கோபம் வரும்.

போன வருஷம் அவர்கள் மகள் அபிநயாவுக்குப் படவேட்டில் சம்பந்தம் முடிந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஷோபனா கழுத்தில் முத்து போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு வாரம் கழித்து மாமா என் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவில் ரகசியம்போல் சொன்னார்.

"மச்சான், ஒங்க அக்கா அந்த முத்த ரெண்டு தடவ பாத்தா."

"பாத்தா இன்னா மாமா?"

"கொற கண்டுபுடிக்க அவளுக்கு ஒரு தடவ போதும். ரெண்டாவது தடவ எதுக்குப் பாக்கணும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். மாமா ஒரு குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு மலையிலிருந்து பலாவும் புளியும் இறக்குகிறவர். ஒரு வருஷம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, வேலூரில் ஒரு கடையில் போய் முத்து டாலர் ஒன்று வாங்கி வந்துவிட்டார். ஒற்றை முத்து. நல்ல சுண்டைக்காய் அளவு, தங்க நிறம், தலையில் ஒரு தங்கத் தொப்பி, மாட்டுவதற்கு ஒரு வளையம். அந்தக் காசுக்குக் கன்றோடு ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம்.

கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால் பெட்டியைத் திறந்து நீட்டினார். அக்கா கறுத்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். மூன்று தடவை பார்த்தாள். நான் எண்ணினேன்.

"தாங்குமா?" என்றாள்.

"கடக்காரரு பத்து நாளு டைம் குடுத்துகிறாரு. புடிக்கலன்னா திருப்பிக்கலாம்" என்றார் மாமா.

அதை எதற்கு அவளிடம் சொன்னாரோ தெரியவில்லை. தன் கழுத்தைத் தானே நீட்டுவது என்றால் இதுதான். பத்தாம் நாள் என்பது அபிநயாவின் வளைகாப்பு நாள். அன்றைக்குள் அக்கா சரி என்றால் இருபத்தெட்டு வருஷத்தில் முதல் பொருள் அவளிடம் தங்கும். இல்லையென்றால் மாமா படவேட்டுக்குப் போகிற வழியில் வேலூரில் இறங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பில் அவர் சட்டைப்பையில் தயாராக இருந்தது. அந்தப் பத்து நாளும் தினம் ஒரு சட்டை மாற்றினார், பில்லும் பையிலிருந்து பைக்கு மாறியது.

பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு அட்டை இருந்தது. படித்தவன் என்று என்னை அழைத்தார்கள். எல்லா நகையும் போட்ட பிறகு கடைசியாக இதைப் போட வேண்டும், கழற்றும்போது முதலில் இதைக் கழற்ற வேண்டும் என்று படித்தேன்.

"கடசியா போட்டு மொதல்ல கழட்டனும்னா, எப்பதான் போட்டுனு இருக்கறது?" என்றாள் அக்கா.

சென்ட் படக்கூடாது. பவுடர் படக்கூடாது. வேர்த்தால் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். சூட்டில் வைக்கக்கூடாது. மற்ற நகையோடு சேர்த்துப் போடக்கூடாது, கீறல் விழும்.

"இது நகையா, ஆஸ்பத்திரில படுத்துனு இருக்கற ஆளா?"

"ஆசிட் படக்கூடாதாம்" என்று முடித்தேன்.

"நம்ம வூட்டுல ஆசிட்டுக்கு இன்னா வேல? கக்கூஸ் கழுவற பாட்டிலு ஒண்ணு கீது. அத நான் கழுத்துல ஊத்திக்கப் போறதில்ல."

ஆசிட் பிரச்சினை இல்லை என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டோம். அந்த நேரத்தில் எங்களைச் சுற்றி நாற்பது மூட்டை புளி இருந்தது.

மறுநாள் சோதனை தொடங்கியது. கொட்டகையில் வேலை செய்கிற சசிகலா, அசல் முத்தைப் பல்லில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். எட்டுப் பெண்களும் வரிசையாக வாய் கொப்பளித்துவிட்டு வந்து ஆளுக்கொரு தடவை தேய்த்தார்கள். சசிகலா மட்டும் முன் பல்லில் ஒரு தடவையும் கடைவாய்ப் பல்லில் ஒரு தடவையும் தேய்த்தாள். மாமா ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டார். எட்டுப் பேரும் நறநற என்றார்கள்.

"அரிசில நறநறன்னா இன்னா சொல்லுவோம்?" என்றாள் அக்கா. "மண்ணு கலந்துகீதுன்னு சொல்லுவோம்."

"இதுக்கு அப்டி இல்லக்கா. நறநறன்னாதான் அசலு" என்று போனில் எடுத்துக் காட்டினேன்.

"மண்ணு இருந்தாதான் நல்லதா?"

"ஆமாக்கா."

"மொதல்லயே தெரிஞ்சிருந்தா அரிசி யாவாரம் பண்ணிருப்பேன்."

அடுத்தது எவ்வளவு கெட்டி என்ற கேள்வி. நானும் தேடிப் பார்த்தேன். வைரத்தின் கடினம் பத்து என்றால் முத்துக்கு இரண்டரை என்று இருந்தது. மனிதர் நகத்துக்கும் அதே இரண்டரைதான். இதை நான் வாய்க்குள் வைத்திருக்க வேண்டும், சொல்லிவிட்டேன். அக்கா தன் கட்டைவிரல் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முப்பது வருஷம் புளி ஓடு உடைத்த நகம் அது. "அப்ப என் நகந்தான் கெட்டி" என்று முத்தின் மேல் வைக்கப் போனாள். மாமா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார். கல்யாணத்தன்று பிடித்ததற்குப் பிறகு எல்லாருக்கும் முன்னால் அவர் அவள் கையைப் பிடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா நகத்தை மடக்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போனாள். அடகு வைக்க அல்ல, கேட்க. எங்கள் ஊரில் ஒரு நகை எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு அடகுக் கடைக்காரர் சொல்வதுதான் தீர்ப்பு. கஷ்டம் வந்தால் உள்ளே போக வேண்டும், நல்ல காலம் வந்தால் அதே எடையில் வெளியே வர வேண்டும், அதுதான் நகை. கடைக்காரர் பெயரே சேட்டுதான். மூன்று தலைமுறையாக ஆலங்காயத்தில் இருப்பவர், எங்களைவிட நன்றாக எங்கள் பேச்சைப் பேசுவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல சரக்கும்மா. ஆனா இதுக்கு நான் ஒண்ணியும் தர முடியாது. தொப்பிக்கு மட்டுந்தான் எட போடுவேன். முத்து எடைய கழிச்சுடுவேன்."

"அப்ப இது தாங்காதா?"

"யாரு சொன்னா? எங்க வூட்டம்மா நாப்பது வருஷமா போட்டுனு கீறாங்க. வேல செய்யற அன்னிக்கு மட்டும் போட மாட்டாங்க."

அக்கா முத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். அப்புறம், "எனக்கு வேல செய்யாத நாளு எது சேட்டு?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் சேட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு மனசு சரியில்லை.

அன்று சாயந்திரம் இன்னும் கொஞ்சம் படித்துப் பார்த்து, ஒரு விஷயத்தைப் போய்ச் சொன்னேன். முத்தைப் பெட்டியிலேயே பூட்டி வைத்தால் காய்ந்து வெடித்துப் போகுமாம். உடம்பில் போட்டுப் புழங்கினால்தான் பளபளப்பு நிற்குமாம்.

"சும்மா வெச்சா கெட்டுப்பூடுமா?" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்ப அதுவும் என்ன மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் புளியைப் பிசையப் போய்விட்டாள். முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு இருந்தது.

நான்காம் நாள் காலையில் நான் போனபோது குட்டியானை வாசலில் நின்றிருந்தது. அக்கா அதன் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்றாள். கழுத்தில் முத்து. தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தாள், அப்படிச் சாய்த்துப் பார்த்தாள். முந்தானையை இழுத்து மூடினாள், மறுபடியும் விலக்கிப் பார்த்தாள். நெற்றிக்குப் பொட்டு வைப்பதைத் தவிர வேறு எதற்கும் அவள் கண்ணாடி பார்த்து நான் அறியேன். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"கண்ணாடி சரியா கீதான்னு பாக்கறேன்" என்றாள். "பின்னால வர்ற பஸ்ஸு தெரியணும் இல்ல."

அதற்குப் பிறகு சோதனை எதுவும் நடக்கவில்லை. மாமாவுக்கு அது புரியவில்லை. தினம் காலையில் "இன்னாச்சு?" என்று கேட்பார். அக்கா, "வளகாப்பு வரட்டும், சொல்றேன்" என்பாள். அவளுக்குச் சண்டை போடத் தெரியும், பிடித்திருக்கிறது என்று சொல்லத் தெரியாது. மாமா குறட்டை விடுவதை நிறுத்திவிட்டார். குறட்டைச் சத்தம் இல்லாமல் அக்காவுக்கும் தூக்கம் வரவில்லை. இரண்டு பேரும் சிவந்த கண்ணோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். "வாயத் தொறந்து சொல்லித் தொல அக்கா" என்று நான் கத்தியும் பார்த்தேன். "நீ ஒன் ஜெராக்ஸ பாரு" என்றாள். முத்துப் பெட்டி டி.வி. பக்கத்தில் மூடியே இருந்தது. அதற்குள் முத்து இருப்பதாகத்தான் மாமாவும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

பத்தாம் நாள் வந்தது. வளைகாப்புக்குக் கலவை சாதம் பெண் வீட்டிலிருந்து போக வேண்டும். விடிந்ததிலிருந்து அடுப்படியில் சசிகலா தலைமையில் வேலை. அக்கா உள் அறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். மாமா புதுச் சட்டையில், பையில் பில்லோடு, கூடத்தில் நின்றார்.

"மணி, அந்த டாலர குடு" என்று அறைக் கதவைப் பார்த்துச் சொன்னார். குரலே எழும்பவில்லை. "போற வழில வேலூர்ல எறங்கி திருப்பிட்டு வந்துட்றேன். ஒனக்கு புடிக்கலன்னு தெரியுது. பரவால்ல."

"யாரு சொன்னா புடிக்கலன்னு?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

மாமா வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து சசிகலா குரல் கொடுத்தாள்.

"யக்கா, ஒன் புளில கொட்ட."

ஆலங்காயத்தில் இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு சசிகலாவே பயந்துபோய் நின்றாள். அக்கா கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள்.

"என் புளில கொட்டயா?"

"பொண்ணு விசேஷமாச்சே, நல்லதா இருக்கட்டும்னு பின்னால ஜாடியில எடுத்தேங்க்கா. வெந்நில கரைக்கறேன், கையில இடிக்குது. தோ பாரு."

புளித் தண்ணீர் சொட்ட அவள் கையை விரித்தாள். அக்கா அதைப் பிடுங்கிக் குழாயில் கழுவினாள். முதலில் தங்கத் தொப்பி தெரிந்தது. பளபளவென்று கண்ணைப் பறித்தது. அதற்குக் கீழே வெற்றிலைக்கு உருட்டி வைத்த சுண்ணாம்புபோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நிறம் போயிருந்தது. அங்கங்கே சின்னச் சின்னப் பள்ளம், பள்ளத்துக்குள் புளிக் கறை.

"இது இன்னாத்துக்கு புளிக்குள்ள போச்சு?" என்றார் மாமா.

எனக்கு முதலில் விளங்கிவிட்டது. அந்த ஜாடிக்குள் அக்கா சோதித்துப் பார்க்க எதையும் போட்டதில்லை. வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ததை மட்டும்தான் போடுவாள். நான்காம் நாளே முடிவு செய்துவிட்டாள். அவள் மதித்த பொருளுக்கு அவள் வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. இதெல்லாம் மாமாவின் முகத்தில் மெதுவாக, மலையேறுகிற வண்டிபோல் ஏறிக்கொண்டிருந்தது.

"தங்கம் மாதிரி பளிச்சுனு ஆவும்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர் நின்றது. மிளகாய் நெடி என்று சொல்ல முடியாது, தாளிக்கவே ஆரம்பிக்கவில்லை.

நான் போனை எடுத்துத் தேடினேன். புத்தி இருந்தால் தேடியிருக்க மாட்டேன். "அக்கா, புளியும் ஆசிட்தானாம்."

"அத இன்னிக்கு வந்து சொல்றியா? அன்னிக்கு அட்டய படிச்சவன் நீதான?"

சசிகலா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இத்தினி வருஷமா நாம ஆசிட்டயா உரிச்சுனு இருந்தோம்?" என்று கேட்டாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

மாமா அக்காவின் அருகில் போனார். அவள் அழுது அவருக்குப் பழக்கமில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பில் இருந்த பையைத் தொட்டுக்கொண்டார்.

"வுடு மணி. குடு இப்டி. கடையில கேட்டுப் பாக்கறேன். எடுத்துக்கலன்னா தூக்கிப் போட்டுட்டு வேற எதுனா வாங்கலாம். இது தாங்கல."

அக்கா கையை இறுக மூடிக்கொண்டாள்.

"தாங்கலதான்" என்றாள். "ஒங்களயும்தான் மூட்ட தூக்கச் சொன்னேன். ரெண்டு தடவ வுழுந்தீங்க. திருப்பியா அனுப்பனேன்?"

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வண்டிக்கு டீசல் பார்க்கிறேன் என்று வெளியே போனார். டீசல் முந்தின நாளே போட்டாயிற்று. நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன். சசிகலா அந்தத் தண்ணீரையே வடிகட்டிப் புளிக்காய்ச்சல் போட்டாள். தங்கமும் முத்தும் ஊறின புளி, கொட்டுவானேன் என்றாள்.

வண்டி வேலூரில் நிற்காமல் போனது.

படவேட்டில் அபிநயாவுக்கு வளையல் அடுக்கி முடித்த பிறகு பந்தி போட்டார்கள். மாமா புளிசோற்று வாளியோடு பரிமாற நின்றார். சம்பந்தியம்மா ஷோபனா மூன்று வரிசை வெள்ளை முத்து போட்டுக்கொண்டு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷி. அக்காவின் கழுத்தையே உற்றுப் பார்த்தார்.

"இது இன்னா முத்துங்க சம்பந்தி? இந்த மாதிரி நான் பாத்ததே இல்லயே. அசலுங்களா?"

"பல்லுல தேச்சுப் பாருங்க" என்றாள் அக்கா.

அந்த அம்மாவும் தயங்கவில்லை. டாலரைப் பிடித்து முன் பல்லில் ஒரு தடவை தேய்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"நறநறங்குதுங்க. அசலுதான். ஆனா புளிக்குதே."

"எங்க வூட்டுக்காரர் வாங்கித் தந்தது" என்றாள் அக்கா. "அப்டித்தான் இருக்கும்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அத்தனை நாள் விடாத குறட்டையையும் சேர்த்துச் சிரித்ததுபோல் இருந்தது. பந்தியில் முதல் வரிசைக்கு அன்று புளிசோறு வரவே இல்லை.

மறுநாள் காலையில் நான் நாற்காலி ஒன்றைத் திருப்பிக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முத்து கழுத்தில்தான் இருந்தது, சோப்பு நுரையோடு. மாமாவின் புதுச் சட்டையை எடுத்து வாளிக்குள் அமுக்கினாள். துவைக்கிற துணியில் ஒரு பட்டாணி இருந்தால்கூடப் பையைத் தடவிப் பார்த்து எடுத்துவிட்டுத்தான் நனைப்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படி.

"பையில பில்லு இருக்கும் அக்கா" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் சட்டையைக் கல்லில் அடிக்க ஆரம்பித்தாள்.